பிளாட்பாரத்தை எண்ணாதீர்கள்

கேபின் ஜன்னல்: மாடல் ரயில் கேள்வி பதில்
பதில் சொல்பவர்: பணி ஓய்வு பெற்ற சிக்னல் இன்ஸ்பெக்டர், வில்லிவாக்கம்

ஐயா, என்னிடம் இருப்பதெல்லாம் 1950களின் அமெரிக்கப் பயணிகள் வண்டிகள், எச்ஓ அளவு. சிகாகோவில் இருக்கும் அக்கா மகன் வரும்போதெல்லாம் ஒன்றிரண்டு பெட்டி வாங்கி வருவான். மாடியில் 18க்கு 10 அடி அறை காலியாகக் கிடக்கிறது. பெரிய ஸ்டேஷன் ஒன்றை நடுநாயகமாக வைத்து லேஅவுட் போட ஆசை. ஆனால் எந்தப் பிளான் தொகுப்பைப் புரட்டினாலும் சரக்கு யார்டு, நிலக்கரிச் சுரங்கம், மர ஆலை, இல்லாவிட்டால் இரண்டு லைன் உள்ள கிராமத்து ஸ்டேஷன். பத்து பிளாட்பாரம் உள்ள ட்ராக் பிளான் எங்கே கிடைக்கும்?
- பீளமேடு வாசகர், கோவை

அப்படியே எடுத்துப் பலகையில் ஆணி அடிக்கிற மாதிரிக் கிடைப்பது அபூர்வம், தம்பி. பிளான் போடுகிறவர்களுக்கு ஸ்டேஷன் பிடிக்காமல் இல்லை. கணக்கு இடிக்கிறது. நீங்கள் சொல்லும் காலத்து அமெரிக்கப் பயணிகள் பெட்டி 85 அடி. எச்ஓவில், அதாவது 87இல் ஒரு பங்கு அளவில், ஒரு பெட்டி 30 செ.மீ. பத்துப் பெட்டி கோத்தால் மூன்று மீட்டர், என்ஜின் தனி. அதே காலத்து 40 அடி சரக்கு வேகன் 14 செ.மீ.தான். எட்டு வேகன் கோத்து ஓட்டினால் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், பார்க்கவும் முழு வண்டியாகத் தெரியும். எட்டடிக்கு நாலடி பிளைவுட்டில் தொடங்குகிறவர்கள்தான் அதிகம் என்பதால் பிளான்களும் அவர்களுக்காகவே வருகின்றன.

அதனால் மாடல் பிளான்களை மூடி வைத்துவிட்டு நிஜ ஸ்டேஷன்களின் வரைபடத்துக்குப் போங்கள். நியூ ஹேவன் ரயில்வேயில் பெரிய அதிகாரியாக இருந்த ஜான் ட்ரோஜ் 1916இல் 'பாசஞ்சர் டெர்மினல்ஸ் அண்ட் ட்ரெயின்ஸ்' என்று ஒரு கனத்த புத்தகம் எழுதினார். பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகவே படிக்கலாம். அன்றைய பெரிய டெர்மினல்களின் லைன் வரைபடங்கள் அதில் இருக்கின்றன. எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தாலே ஒரு வாரம் போய்விடும்.

அடுத்தது சான்போர்ன் வரைபடங்கள். தீ விபத்துக் காப்பீட்டுக்காக அமெரிக்க நகரங்களைத் தெருத் தெருவாக வரைந்து வைத்தவை. வாஷிங்டனின் காங்கிரஸ் நூலகம் பெரும்பகுதியை ஸ்கேன் செய்து திறந்து விட்டிருக்கிறது. பெரும்பாலும் 50 அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவு, எச்ஓவுக்கு ஏறக்குறைய ஏழு மடங்கு பெரிதாக்கினால் சரியாக வரும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: வரைந்தவர்களின் கவலையெல்லாம் எந்தக் கட்டடம் எவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பது. கட்டட அளவுக்கு முழுசாக நம்பலாம், லைன் பிரியும் பாயின்ட் எங்கே இருக்கிறது என்பதற்கு நம்ப வேண்டாம்.

பாயின்ட்டுக்கு வேண்டியது சிக்னல் கேபின் வரைபடம். இன்டர்லாக்கிங் டயாகிராம் என்று தேடுங்கள். பாயின்ட்டையும் சிக்னலையும் இழுத்து இயக்கும் லிவர் சட்டத்துக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்களே, அதுதான். அளவுக்கு வரைந்தது கிடையாது, நீளத்தையெல்லாம் சுருக்கித்தான் போட்டிருப்பார்கள். ஆனால் ஒரு பாயின்ட், ஒரு சிக்னல் விட்டுப்போகாது. எங்கள் கேபின்களில் பாயின்ட் லிவர் கறுப்பு, நிறுத்தும் சிக்னல் சிவப்பு, பாயின்ட்டைப் பூட்டும் லாக் நீலம். டயாகிராமில் கறுப்பு எண்களின் மேல் மட்டும் விரலை ஓட்டினாலே ஸ்டேஷனின் குணம் புரிந்துவிடும். நூலகப் படத்தையும் கேபின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் என் வழக்கம்.

இப்போது பத்து பிளாட்பாரத்துக்கு வருகிறேன். பிளாட்பாரத்தை எண்ணுவதை விடுங்கள். மெயின் லைன் வந்து பல லைன்களாகப் பிரியும் இடத்தைப் பாருங்கள், நாங்கள் பாயின்ட் ஜோன் என்போம். ஸ்டேஷன் பெரியதா சிறியதா என்று சொல்வது அதுதான். பத்து பிளாட்பாரம் இருந்தும் ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் அசைய முடியும் என்றால் அது வண்டி நிறுத்தும் ஷெட். நாலே பிளாட்பாரம், ஆனால் ஒன்றில் வண்டி உள்ளே வரும்போது இன்னொன்றிலிருந்து வண்டி கிளம்பலாம், மூன்றாவது பக்கம் ஷன்டிங் என்ஜின் பெட்டி இழுத்துக்கொண்டு போகலாம் என்றால் அது பெரிய ஸ்டேஷன்.

சோதிக்க எளிய வழி உண்டு. பிளானைத் தரையில் விரியுங்கள். இடது ஆள்காட்டி விரல் உள்ளே வரும் வண்டி, வலது விரல் வெளியே போகும் வண்டி. இரண்டையும் ஒரே நேரத்தில் நகர்த்துங்கள். விரல்கள் எங்கே இடிக்கின்றனவோ அங்கே ஒரு வண்டி ஸ்டேஷனுக்கு வெளியே ஹோம் சிக்னலில் நின்றே ஆக வேண்டும். வீட்டில் யாரையாவது கூப்பிட்டு மூன்றாவது விரலை வைக்கச் சொல்லுங்கள். மூன்றும் இடிக்காமல் நகர நாலைந்து வழியாவது இருந்தால் பிளானை எடுத்துக்கொள்ளுங்கள். அலங்காரமாக அச்சிட்ட பிளான்கள் பல இந்த இடத்திலேயே தோற்றுவிடும்.

உங்கள் அறைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு லைன், இரண்டு லைனுக்கு நடுவே ஒரு பிளாட்பாரம் என்று வைத்தால் முதல் லைனுக்கும் எட்டாவது லைனுக்கும் இடையே 63 செ.மீ. வரும். பீகோ கம்பெனியின் நடுத்தரப் பாயின்ட் நீளம் 219 மி.மீ., பிரியும் கோணம் 12 டிகிரி. ஒரே பக்கமாகச் சாயும் ஏணி போல் பாயின்ட்களை வரிசையாகப் போட்டால், 63 செ.மீ. அகலத்தைத் தொடவே ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளம் போய்விடும். அறையில் பாதிக்கு மேல் பாயின்ட்டே தின்றுவிடும். எட்டு லைனையும் நான்கு நான்காகப் பிரியுங்கள். வரும் மெயின் லைன் இடது பக்கமும், போகும் மெயின் லைன் வலது பக்கமும் விரியட்டும். நீளம் ஒன்றரை மீட்டராகக் குறையும், விரல் சோதனையிலும் தேறும். இரண்டு மெயின் லைனையும் இணைக்க முன்னால் ஒரு சிசர்ஸ் கிராஸ்ஓவர் (கத்தரிபோல் குறுக்கே வெட்டும் இணைப்பு), அதற்கு அரை மீட்டர்.

பத்துப் பெட்டி வண்டியை மறந்துவிட்டு ஆறு பெட்டி, ஒரு என்ஜின் என்று வையுங்கள். 2.1 மீட்டர் பிளாட்பாரம் போதும். அதோடு ஏணி 1.5, கிராஸ்ஓவர் 0.5, மூலையில் திரும்பும் வளைவுக்கு 75 செ.மீ., ஸ்டேஷன் கட்டடத்துக்கு 30 செ.மீ. கூட்டினால் 5.15 மீட்டர். உங்கள் நீளச் சுவர் 5.5 மீட்டர். உட்கார்ந்துவிடுகிறது. இதையே பத்துப் பெட்டிக்குப் போட்டால் சுவரை இடிக்க வேண்டும்.

இரண்டு விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெட்டிகளை இழுத்துப் பிரிக்கவும் சேர்க்கவும் தனி லைன், அதாவது ஷன்டிங் நெக், கண்டிப்பாக வேண்டும், அதுவும் ஆறு பெட்டியும் ஷன்டிங் என்ஜினும் சேர்ந்து நிற்கிற நீளத்துக்கு. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு ரேக்கை, அதாவது கோத்த பெட்டி வரிசையை, இழுக்கும்போதும் மெயின் லைனை மறித்துக்கொண்டு நிற்பீர்கள். இன்னொன்று, ஸ்டேஷனுக்கு அடியில் மறைவாக ஆறு லைனாவது. பெரிய ஸ்டேஷன் என்றால் வண்டிகள் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்க வேண்டும் அல்லவா? மேல் தளத்துக்கும் கீழ்த் தளத்துக்கும் கை நுழைய 15 செ.மீ. இடைவெளி. நூற்றுக்கு இரண்டு சரிவில் இறங்க ஏழரை மீட்டர் ஓட்டம் போதும், மற்ற மூன்று சுவரையும் சுற்றிவருவதற்குள் தாராளமாக இறங்கிவிடலாம். கதவு வரும் இடத்தில் தூக்குப் பலகை.

வணக்கம் ஐயா. எனக்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் யூனியன் ஸ்டேஷன் மேல் ஒரு பைத்தியம். கணவரோ சின்சினாட்டி என்கிறார். டெட் என்ட் ஸ்டேஷனில் வண்டி உள்ளே வந்ததும் என்ஜின் முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்ளுமே, அது மாடலுக்குத் தொல்லை என்பது அவர் கட்சி. நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.
- கணித ஆசிரியை, மதுரை

அந்தத் தொல்லைக்காகத்தானே அம்மா டெட் என்ட் ஸ்டேஷன் வைப்பது! சின்சினாட்டி 1933இல் திறந்தது, அரைக்கோள முகப்போடு அழகில் குறையே சொல்ல முடியாது, ஏழு ரயில் கம்பெனிகளின் வண்டிகள் வந்துபோன இடம். ஆனால் லைன்கள் நேராக ஊடுருவிப் போகும் ஸ்டேஷன் அது. மாடலில் வண்டி வரும், நிற்கும், போகும். பார்க்கிறவருக்கு இன்பம், ஓட்டுகிறவருக்கு வேலை குறைவு.

டெட் என்ட்டில் ஒரு வண்டி வந்தால் நாலு வேலை வரும். ஷன்டிங் என்ஜின் பின்னால் வந்து ரேக்கைப் பிடித்து இழுக்க வேண்டும், சிறைப்பட்ட என்ஜின் ஷெட்டுக்குப் போக வேண்டும், ரேக் கழுவும் லைனுக்குப் போய்த் திரும்ப வேண்டும், புது என்ஜின் வந்து மாட்ட வேண்டும். தபால் பெட்டியையும் டைனிங் காரையும் வெட்டிச் சேர்ப்பது தனி. இரண்டு பேர் ஒரு மாலைப்பொழுது முழுக்க ஓட்டலாம்.

செயின்ட் லூயிஸ் 1894இல் திறக்கும்போதே 32 லைன்கள். என்ஜின் சிக்காமலிருக்க அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள்: வண்டி ஸ்டேஷனைத் தாண்டிப் போய், முக்கோண லைனில் திரும்பிப் பின்னோக்கி உள்ளே நுழையும். கிளம்பும்போது என்ஜின் முன்னால் இருக்கும். உங்களிடம் வட்ட வால் உள்ள அப்சர்வேஷன் பெட்டி இருந்தால் இந்த முறைதான் ஒத்துவரும், ஏனென்றால் அந்த வண்டியை முழுசாகத் திருப்பியே ஆக வேண்டும். முக்கோணத்தில் ஒரு சங்கடம், இரண்டு தண்டவாள மின்சாரத்தில் பாசிட்டிவும் நெகட்டிவும் முட்டிக்கொள்ளும். டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாடு வைத்திருந்தால், மின்முனையைத் தானாக மாற்றும் ஆட்டோ ரிவர்சர் ஒன்று வாங்கி அந்தத் துண்டை மட்டும் இரு முனையிலும் இன்சுலேட் செய்துவிடுங்கள்.

ஆனால் முழு செயின்ட் லூயிஸ் வேண்டாம். அதன் கூரை மட்டுமே சுமார் 11 ஏக்கர், எச்ஓவில் அறுபது சதுர அடிக்கு மேல். பன்னிரண்டுக்கு ஐந்தடியில் கூரையைப் போட்டுவிட்டு அதற்கடியில் ரயில் தடம்புரண்டால் யார் கையை விடுவது?

என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை, வாஷிங்டன் யூனியன் ஸ்டேஷனுக்கு. 1907இல் திறந்தது. மேல்மட்ட லைன்கள் டெட் என்ட். பக்கத்தில் சில லைன்கள் தாழ இறங்கிக் கட்டடத்துக்கு அடியில் சுரங்கம் வழியாகத் தெற்கே போகும். உங்கள் கட்சியும் அவர் கட்சியும் ஒரே இடத்தில். மாடலில் அந்தச் சுரங்க லைன்களை அப்படியே கீழ்த் தள மறைவு லைன்களுக்கு விட்டுவிடலாம். பென்சில்வேனியா ரயில்வே 1935இல் வாஷிங்டன் வரை மின்மயமாக்கியது, தெற்கே போகும் வண்டிகளுக்கு மின்சார என்ஜினைக் கழற்றி வேறு என்ஜின் மாட்டியாக வேண்டும். அதாவது நேராகப் போகும் வண்டிக்கும் உங்களுக்கு வேலை இருக்கும்.

வாஷிங்டன் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1953 ஜனவரி 15 காலை, பாஸ்டனிலிருந்து வந்த ஃபெடரல் எக்ஸ்பிரஸ் பிரேக் பிடிக்காமல் பாய்ந்து வந்தது. பெட்டிகளுக்கு நடுவே பிரேக் குழாயின் ஆங்கிள் காக் என்ற அடைப்பான் ஒன்று வழியில் மூடிக்கொண்டதால் பின்பெட்டிகளுக்குப் பிரேக் போய்ச் சேரவில்லை. கேபினிலிருந்து தகவல் போய் ஆட்களை அவசரமாக விலக்கினார்கள். என்ஜின் முட்டுக்கட்டையை உடைத்து, பயணிகள் நடக்கும் கூடத்துக்குள் புகுந்து, தரை தாங்காமல் அடித்தளத்தில் விழுந்தது. ஒருவர்கூடச் சாகவில்லை. ஐசன்ஹோவர் பதவியேற்புக்கு ஐந்து நாள்தான் இருந்தது. கூட்டம் வரப்போகிறது என்று அந்த என்ஜினைக் குழியிலேயே விட்டு மேலே தற்காலிகத் தரை போட்டார்கள். பிறகு எடுத்துப் பிரித்துக் கோத்து மறுபடி ஓட்டினார்கள், அந்த 4876ஆம் எண் என்ஜினை. டெட் என்ட்டில் முட்டுக்கட்டையைப் பசை போட்டு ஒட்டாமல் திருகாணி போட்டு இறுக்குங்கள்.

வாடகை வீடு. ஒரு புத்தக அலமாரியின் மேல்தட்டு மட்டும்தான் எனக்கு. பெரிய ஸ்டேஷன் கனவை விட்டுவிடவா?
- தாம்பரம் வாசகர்

ஏன் விட வேண்டும்? 'மைனரிஸ்' என்று தேடுங்கள். இங்கிலாந்தில் 'ரயில்வே மாடலர்' இதழின் ஆசிரியர் சிரில் ஃப்ரீசர் 1957இல் வரைந்த பிளான். லண்டன் நகருக்குள் இருப்பதாகக் கற்பனை செய்த டெர்மினல்: இரட்டை மெயின் லைன், மூன்று பிளாட்பாரம். முதலில் எச்ஓவைவிடச் சிறிய டிடி அளவுக்குப் போட்டது, மடித்து வைக்கலாம். அதன் சூட்சுமம் பாயின்ட்களை அடுக்கிய விதத்தில். இடம் வலம் என்று பாம்பு போல் நெளியும் வழி ஒன்றே ஒன்றுதான் வரும், மற்ற வழிகளில் பெட்டிகள் முட்டிக்கொள்ளாமல் வழுக்கிப் போகும். மேலே சொன்ன விரல் சோதனையை இதில் செய்து பாருங்கள், மூன்று பிளாட்பாரத்தில் எவ்வளவு சாதிக்கலாம் என்று தெரியும். இத்தனை வருடம் கழித்தும் ஆட்கள் அதையே நாலு, ஐந்து பிளாட்பாரமாக நீட்டிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வண்டிகளுக்கு மூன்று நாலு பெட்டி போதும், உள்ளூர் வண்டிகள்.

அமெரிக்கா, லண்டன் எல்லாம் சரி சார். நம்ம சென்ட்ரலைச் செய்ய முடியாதா?
- பெரம்பூர் வாசகர்

பெரம்பூர்க்காரர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள். செய்யலாம், முழுசாகச் செய்ய முடியாது. உங்கள் ஊர்த் தொழிற்சாலையின் ஐசிஎஃப் பெட்டி பஃபரோடு 22.3 மீட்டர். எச்ஓவில் 25.6 செ.மீ. 24 பெட்டி கோத்தால் ஆறு மீட்டருக்கு மேல், பிளாட்பாரம் மட்டும் 20 அடி. 160இல் ஒரு பங்கான 'என்' (N) ஸ்கேலில்கூட 3.3 மீட்டர் ஆகும். இன்னொரு சிக்கல் அகலம். எச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ., அது வெளிநாட்டு 1435 மி.மீ. பாதைக்கு அளவானது. நம் பிராட் கேஜ் 1676 மி.மீ., சுத்தமாகச் செய்தால் 19.3 மி.மீ. வேண்டும், தண்டவாளம் பாயின்ட் எல்லாம் கையாலேயே செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் 16.5இலேயே ஓட்டிவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

முழு சென்ட்ரலுக்குப் பதில் அதில் ஒரு துண்டை எடுங்கள். இரண்டாவது, மூன்றாவது பிளாட்பாரத்துக்கு நடுவே 2ஏ என்று ஒரு குட்டி பிளாட்பாரம் இருக்கிறதே, நீளம் குறைந்த வண்டிகளுக்கானது. அதையும் இரு பக்கத்து லைன்களையும் மட்டும் செய்து, பின்னால் செங்கல் சிவப்பில் கடிகாரக் கோபுரத்தைத் தட்டையாக நிறுத்தினால் யார் பார்த்தாலும் சென்ட்ரல் என்பார்கள். இன்னொரு முனையில் பேசின் பிரிட்ஜ் யார்டு. நிஜத்திலும் ரேக்குகள் பராமரிப்புக்கு அங்கேதான் போகின்றன, ஆகவே மறைவு லைன்களுக்கு நியாயம் தேட வேண்டியதில்லை. லைன்கள் எங்கே பிரிகின்றன என்று பார்க்க இணையத்தில் உள்ள ஓப்பன் ரயில்வே மேப் போதும்.

பிளான் வரைய எந்த சாஃப்ட்வேர்?
- கல்லூரி மாணவர், திருச்சி

எக்ஸ்ட்ராக்கேட் இலவசம். கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் சின்னதாக, சுலபமாகத்தான் தெரியும். பீகோ தன் பாயின்ட்களின் முழு அளவுக் காகித அச்சுகளை இலவசமாகவே தருகிறது. பாயின்ட் ஜோனுக்கு வேண்டியவற்றை எல்லாம் பிரிண்ட் எடுத்து, வெட்டித் தரையில் டேப் போட்டு ஒட்டுங்கள். அதன் மேல் ஒரு பெட்டியை வைத்துக் கையால் தள்ளிப் பாருங்கள், பக்கத்து லைனில் நிற்கும் பெட்டியை இடிக்கிறதா என்று. பணம் கொடுத்துப் பாயின்ட் வாங்குவது அதற்கப்புறம். ஜெராக்ஸ் கடையில் நூறு சதவீத அளவில் போடச் சொல்லுங்கள், தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கும் டிக் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கடையிலேயே ஸ்கேல் வைத்து நடுத்தரப் பாயின்ட் 219 மி.மீ. வருகிறதா என்று அளந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.